நூடுல்ஸும் இடியாப்பமும்: போடி மலையடிவாரத்தின் இழை உணவுகள்

மாவைப் பிசைந்து, மெல்லிய இழைகளாக்கி, கொதிநீரிலோ ஆவியிலோ வேகவைத்து, சூடு ஆறுமுன் உண்ணும் உணவுதான் நூடுல்ஸ். சீனர் எங்கெல்லாம் குடியேறினார்களோ அங்கெல்லாம் ஒரு தெருவோரத்தில் அது மலிவாகவும் சுவையாகவும் கிடைக்கிறது. கையால் இழுத்த நூடுல்ஸுக்காகவே அந்தத் தெருக்களைத் தேடிச் செல்லும் உணவுப் பிரியர்கள் உலகெங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற, சுருக்கமாகப் போடி எனப்படும் போடிநாயக்கனூரில் அப்படித் தேடினால் என்ன கிடைக்கும்? மாலையில் தள்ளுவண்டியில் சீனப் பெயரோடு வறுபடும் நூடுல்ஸ் கிடைக்கும். ஆனால் கையால் செய்த இழை உணவு அந்த வண்டியில் இல்லை. அது காலையில் இட்லிக் கொப்பரையின் ஆவியிலும் இரவில் பரோட்டாக் கல்லின் மேலும் இருக்கிறது. இந்த உணவுகளுக்குள் உள்ள உறவையும், அவை செய்யப்படும் விதத்தையும், நல்லதைத் தெரிந்து வாங்கும் வழியையும் பார்ப்போம்.

இழையின் வயது

இதுவரை கிடைத்த நூடுல்ஸ்களில் மிகப் பழையது சீனாவின் சிங்காய் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லாஜியா என்னும் இடத்தில் அகழாய்வில் வெளிப்பட்டது. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் வெள்ளமும் அந்தக் குடியிருப்பை மூடின. கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தின் அடியில் மஞ்சள் நிற இழைகள் இருந்தன. அவற்றில் நீளமானது 50 சென்டிமீட்டர் அளவு இருந்தது. 2005இல் வெளிவந்த ஆய்வு, அவை சிறுதானிய மாவால் ஆனவை என்று கூறியது. ஒட்டும் தன்மை குறைந்த சிறுதானியத்தில் அத்தனை நீள இழை எப்படி வந்தது என்ற விவாதம் அதன்பின் எழுந்தது. இழுத்து நீட்டியிருக்க முடியாது, துளைகளின் வழியே பிழிந்திருக்கலாம் என்பது அதில் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம். அது சரியானால், அந்தப் பழைய நூடுல்ஸ் செய்முறையில் இடியாப்பத்துக்கு மிக நெருங்கிய உறவு.

தமிழிலும் இழை உணவின் தடம் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை காஞ்சி மாநகரை வருணிக்கும் இடத்தில், அப்ப வணிகர்களான கூவியர் பாகு சேர்த்துச் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டமான பண்டம் ஒன்று பாலில் கிடப்பதை உவமையாகக் காட்டுகிறது. உணவு வரலாற்றை ஆராய்ந்தவர்களில் சிலர் இதை இடியாப்பத்தின் முன்னோடியாகக் கொள்வர். பாலும் இனிப்பும் இழையும் சேர்ந்த அந்தச் சேர்க்கை, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி இடியாப்பம் உண்ணும் இன்றைய வழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

இழுப்பதும் பிழிவதும்

மாவை இழையாக்க உலகில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பிசைந்த மாவைக் கையால் இழுத்து நீட்டுவது. இரண்டு, தகடாகத் தேய்த்துக் கத்தியால் நறுக்குவது. மூன்று, துளையிட்ட அச்சின் வழியே பிழிவது. எந்த மாவுக்கு எந்த வழி என்பதைத் தானியத்தின் தன்மையே தீர்மானிக்கிறது.

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் உள்ளன. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை இணைந்து குளூட்டன் என்னும் வலைப்பின்னலாகின்றன. அந்த வலைதான் மாவுக்கு நீளும் தன்மையையும் இழுத்த பின் சுருங்கும் தன்மையையும் தருகிறது. பிசைந்தவுடன் இழுத்தால் மாவு முரண்டு பிடிக்கும். ஈரத்துணி போர்த்தி ஊறவைத்தால் வலை தளர்ந்து, சொன்னபடி நீளும். சீனாவின் வடபகுதியில் செய்யப்படும் லாமியன் இந்த அறிவின் உச்சம். லாமியன் என்றாலே இழுத்த மாவு என்று பொருள். மாவுக் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து நீட்டி, மடித்து, மீண்டும் நீட்டுவார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாவது மடிப்பில் 256 இழைகள் கையில் தொங்கும். இழை அறாமல் இருக்க மாவில் உப்போடு காரப்பொருளும் (ஆல்கலி) சேர்ப்பது வழக்கம். செடிகளை எரித்து எடுத்த காரச் சாம்பலைக் கரைத்துச் சேர்ப்பது பழைய முறை. மஞ்சள் நிறமும் வழுக்கும் மென்மையும் அந்தக் காரத்தால் வருபவை.

அரிசியில் குளூட்டன் இல்லை. அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் எத்தனை நேரம் பிசைந்தாலும் இழுத்தால் உதிர்ந்துவிடும். அதை இணைக்க வெப்பம் வேண்டும். ஏறக்குறைய 70 பாகை செல்சியஸில் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, வீங்கி, பசையாகிறது. கொதிநீரை ஊற்றிக் கிளறியதும் மாவு கட்டிக்கொள்வது இதனால்தான். பசையான மாவை அச்சில் பிழிந்து வேகவைத்து ஆறவிட்டால், மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸ் மீண்டும் இறுகி இழைக்கு உருவம் தருகிறது. பழைய பச்சரிசியில் இடியாப்பம் ஒட்டாமல் வருகிறது, புது அரிசியில் குழைகிறது என்று வீட்டுப் பெண்கள் சொல்வதன் அடிப்படையும் மாவுச்சத்தின் இந்த நடத்தைதான். நெல் விளையும் தென்சீனாவிலும் இதே வழிதான். யுன்னானிலும் குயிலினிலும் உண்ணும் அரிசி நூடுல்ஸ் பிழிந்து எடுக்கப்படுவதே. ஆக, கோதுமை நாட்டில் இழுத்தார்கள், நெல் நாட்டில் பிழிந்தார்கள். தமிழரின் இடியாப்பம் நெல் நாட்டு வழியில் வந்தது.

நூடுல்ஸ் சாற்றில் ஏலத்தின் உறவினர்

லாமியனுக்குப் பெயர் பெற்ற நகரம் வடமேற்குச் சீனாவின் லான்சோ. அங்கே ஹுய் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த மாட்டிறைச்சி நூடுல்ஸ் இன்று சீனா முழுவதும் கிடைக்கும் மலிவான உணவு. 1915ஐ ஒட்டி மா பாவ்சி என்பவர் சூடான நூடுல்ஸைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதில் அதன் இன்றைய வடிவம் பிறந்தது என்பது அந்நகரில் வழங்கும் வரலாறு. நல்ல கிண்ணத்துக்கு ஐந்து அடையாளங்களும் சொல்வார்கள்: தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைத் தழை, மஞ்சள் இழை.

அந்தச் சாற்றில் கொதிக்கும் மசாலாப் பொருள்களில் ஒன்று ட்சாவ்குவோ என்னும் சீனப் பெரிய ஏலம். போடி மலையில் விளையும் ஏலக்காயும் அதுவும் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சீன ஏலம் கட்டைவிரல் பருமனில், புகையில் உலர்ந்து, பழுப்பு நிறத்தில் காரமான மணம் வீசும். போடி ஏலம் தோட்டங்களில் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்துகூடங்களில் இளஞ்சூட்டில் பச்சை மாறாமல் உலர்த்தப்பட்டு இனிய மணம் தரும். ஒன்று இறைச்சிச் சாற்றுக்கும் மற்றது தேங்காய்ப்பாலுக்கும் போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மக்கள் தங்கள் இழை உணவுக்கு ஒரே குடும்பத்துச் செடிகளின் காயைத் துணையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு நூடுல்ஸ் வந்த வழிகள்

சீன நூடுல்ஸ் தமிழ்நாட்டுக்கு ஒரே பாதையில் வரவில்லை. முதல் வழி கொல்கத்தா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே அந்நகரை ஒட்டிச் சீனர் குடியேறினர். டிரெட்டி பஜாரில் இன்றும் விடியற்காலையில் சீனச் சிற்றுண்டி தெருவோரத்தில் விற்கப்படுகிறது. தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஹக்கா சீனர் வாழ்ந்த டாங்ரா பகுதியில், இந்திய நாக்குக்கேற்பப் பச்சை மிளகாயும் சோயா சாஸும் கூடிய சமையல் வளர்ந்தது. தமிழ்நாட்டு உணவகங்களின் பட்டியலில் உள்ள ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயர் அந்த மக்களுடையது.

இரண்டாவது வழி பர்மா. 1962இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பின், பெருந்தொகையான தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்களுடன் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவுகளும் வந்தன. சென்னைப் பாரிமுனையை அடுத்த பர்மா பஜார் பகுதியில் மாலை வேளைகளில் அத்தோ வண்டிகள் வரிசையாக நிற்கும். வெந்த நூடுல்ஸோடு நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப் இருக்கும். நகரத் தெருவில் மலிவான, சுவையான நூடுல்ஸ் தேடுவோருக்குத் தமிழ்நாட்டில் சரியான முகவரி இதுவே.

மூன்றாவது வழி மலாயா; அங்கே நூடுல்ஸ் குடியேறிய தமிழரின் கைக்கு வந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, உருளைக்கிழங்கு, டோஃபு, முட்டை, மிளகாய் விழுது சேர்த்து வறுத்து தங்கள் பாணியில் மீ கோரெங் என்ற உணவை உருவாக்கினார்கள். சீன மாவும் தமிழ்க் கைப்பக்குவமும் கலந்த அந்த உணவு அந்நாடுகளின் பொது உணவாகிவிட்டது.

நான்காவதாக வந்தது பொட்டலம். 1958இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தி உடனடி உணவாக்கினார். 1983இல் மேகி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை நூடுல்ஸ் என்ற சொல்லைக் கொண்டு சேர்த்தது அந்தப் பொட்டலம்தான்.

போடியின் மாலை நேரத் தள்ளுவண்டி

கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று அழைக்கப்படும் தேசிய நெடுஞ்சாலை போடியைக் கடந்து, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் மூணாறுக்கும் ஏறுகிறது. 2010 இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில் 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏல வியாபாரிகள், தோட்டத் தொழிலாளர்கள், சுற்றுலாப் பயணிகள் எனப் பலரும் வந்து போகும் ஊரில், தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களைப் போலவே, ‘ஃபாஸ்ட் ஃபுட்’ கடைகளில் மாலையில் அடுப்பு சீறும். முன்பே வேகவைத்து எண்ணெய் தடவி வைத்த நூடுல்ஸைப் பெரிய இரும்புக் கடாயில் போட்டு, முட்டைக்கோஸ், கேரட், முட்டை, மிளகுத்தூள், சோயா சாஸ், சில்லி சாஸ் சேர்த்து, தீ மேலெழும்பும்படி தூக்கிப் போட்டு வறுப்பார்கள். வயிறு நிறையும், விலையும் குறைவு.

இந்த வறுவலிலும் தேர்ந்த கை தேவை. தீ குறைந்தால் காய்கறி தண்ணீர் விடும். கூடினால் இழை கருகும். ஆனால் இழை மட்டும் கையால் ஆனதில்லை. ஆலையில் தகடாக உருட்டி, இயந்திரக் கத்தியில் நறுக்கி, உலர்த்திப் பொட்டலமிட்டு வந்தது அது. சேமியாவும் அப்படித்தான். போடிக்குச் சேமியா தூரத்துப் பொருளும் அல்ல. அணில் சேமியாவின் ஊரான திண்டுக்கல் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆலை இழை ஒரே பருமனில், ஒரே வளைவில் இருக்கும். கை இழையில் பருமன் சற்று மாறும், முனைகள் ஒழுங்கற்று இருக்கும், மாவின் மணம் போகாமல் இருக்கும். அந்த மணத்தைத் தேடுவோர் மாலையை விட்டுக் காலைக்கு வரவேண்டும்.

காலைக் கொப்பரை

இடியாப்பம் என்பது இடித்த மாவில் செய்த அப்பம். பெயரிலேயே முதல் வேலை அடங்கியிருக்கிறது. பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடிக்கவேண்டும். இப்போது உரலுக்குப் பதில் மாவு மில். சலித்த மாவை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்தால் பல நாள் கெடாது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோக நெல் விளைகிறது. 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் நீர் அது. நெல் வயலும் ஏல மலையும் அருகருகே இருக்கும் இந்த மாவட்டத்தில் இடியாப்பத்துக்கு வேண்டிய அரிசியும் மணமும் உள்ளூர்ப் பொருள்கள்.

மாவில் உப்பும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறவேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, குழலில் அடைத்துப் பிழியவேண்டும். தண்ணீர் கொதிக்காமல் இருந்தால் மாவு கட்டாது, இழை துண்டு துண்டாக அறும். தண்ணீர் மிகுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். ஆறவிட்டால் மாவு இறுகிப் பிழிபவரின் தோளை வாங்கிவிடும். அளவுக்கு வாய்ப்பாடு கிடையாது. அரிசியின் வயதும் மாவின் ஈரமும் நாளுக்கு நாள் மாறுவதால் விரல்தான் அளவுகோல். தட்டில் வட்டமாகச் சுற்றிப் பிழிந்ததை இட்லிக் கொப்பரையில் அடுக்கி ஆவியில் வேகவைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும். இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஆவி உள்ளே புகுந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகவைக்கிறது.

இதன் உடன்பிறப்பு சேவை. கொங்கு நாட்டில் அதைச் சந்தகை என்பர். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்த பிறகு வேகவைக்கிறார்கள். சேவையில் ஊறிய அரிசியை அரைத்து, உருண்டைகளாக வேகவைத்த பிறகு சூட்டோடு பிழிகிறார்கள். வெந்த மாவைப் பிழியக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் சேவை நாழி பெரிதாக, திருகோடும் கால்களோடும் இருக்கும். சேவையின் இழை நீளமானது, வழுவழுப்பானது, தாளிக்க ஏற்றது. எலுமிச்சை, தேங்காய், புளி எதையும் தாங்கும். தென்சீன அரிசி நூடுல்ஸின் செய்முறைக்கு இதுவே மிக அருகில் நிற்கிறது.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் எளிய துணை. காரம் வேண்டுவோருக்குக் குருமா. அசைவம் உண்போருக்கு ஆட்டுக்கால் பாயா. தேங்காய்ப்பாலில் ஏலக்காயை முழுதாகப் போடுவதைவிட, தோல் நீக்கிய விதையைச் சர்க்கரையோடு இடித்து, பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்ப்பதே நல்லது. ஏலத்தின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது, கொதித்தால் பறந்துவிடும். ஏலம் விடப்படும் பெரிய பச்சைக்காய்க்கு விலை அதிகம். அளவில் சிறியதும் வாய் பிளந்ததும் விலை குறைவு. நிறத்தை வைத்தும் பருமனை வைத்தும் சந்தை விலை சொல்கிறது. ஆனால் இடித்துப் போடும் சமையலுக்கு விதை கறுத்து, பிசுபிசுப்போடு, மணமாக இருந்தால் போதும்.

மலை ஏறினால் மாறும் பக்குவம்

போடியில் இருந்து போடிமெட்டு வரையிலான சாலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். அடிவாரத்தில் 99 பாகையில் கொதிக்கும் நீர், 1,300 மீட்டரை ஒட்டிய மெட்டில் 95, 96 பாகையிலேயே கொதித்துவிடும். குளிரும் காற்றும் சேர்ந்து, ஊற்றுமுன்பே அதன் சூட்டைப் பறிக்கும். ஊரில் சரியாக வந்த இடியாப்பம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அறுந்துபோனால் குறை கையில் இல்லை. நீர் ஊற்றுவதற்கு முன் மாவை இளஞ்சூடாக்கிக்கொள்வதும், அடுப்பருகிலேயே கிளறுவதும், பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடிவைப்பதும், ஆவியில் இரண்டொரு நிமிடம் கூடுதலாக வைப்பதும் இதற்குத் தீர்வு.

ஏல மலைகளில் உழைப்போரில் பலர் போடி, தேவாரம், கம்பம் சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள். வேலைக் காலத்தில் விடியுமுன்பே ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. மலைக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் அதே சாலைகளில்தான் மேலே போகின்றன. அரிசி ஏறுவதற்கு முன் இந்தச் சரிவுகளின் தானியம் கேழ்வரகு. முதுவர் பழங்குடியினர் அதை மலைச்சரிவில் விளைவித்து உண்டு வந்தவர்கள். கேழ்வரகு மாவும் கொதிநீரில் கட்டும், குழலில் பிழிய வரும். அரிசி இழையைவிடச் சற்றுக் குட்டையாக அறுந்தாலும், வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்ந்தால் தனிச்சுவை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த அந்தத் தானியத்தை இழையாக்கிக் கொடுத்தால் களியை மறுக்கும் பிள்ளைகளும் உண்பார்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன் லாஜியாவில் உண்டதும் சிறுதானிய இழைதான் என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

இரவுக் கல்லில் இழுபடும் மாவு

கோதுமையை இழுக்கும் கலையும் தென்மாவட்டங்களில் இருக்கிறது. அதன் பெயர் பரோட்டா. மைதாவில் உப்பும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்து அடித்துப் பிசைந்து, ஊறவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசி மீண்டும் ஊறவைக்கிறார்கள். லாமியன் மாவைப் போலவே குளூட்டன் வலை தளர்ந்து மாவு நீள்வதற்காகத்தான் இது. பின்பு பரோட்டா மாஸ்டர் உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவிய மேசைமேல் வீசுகிறார். ஒவ்வொரு வீச்சிலும் மாவு விரிந்து, கடைசியில் அடியில் உள்ள மேசை தெரியும் அளவுக்கு மெலிகிறது. அதை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததை அடுக்கி இரு கைகளாலும் அடித்தால் அடுக்குகள் பிரிகின்றன.

விரித்த மாவைச் சுருட்டுவதற்கு முன் கத்தியால் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, அள்ளிச் சுற்றினால் அது நூல் பரோட்டா. கைத்திறத்தால் விரித்து, கத்தியால் இழையாக்கிய கோதுமை உணவு என்பதால் செய்முறையில் இது கத்தியால் வெட்டும் சீன நூடுல்ஸின் நெருங்கிய உறவு. அது கொதிநீரில் வேகிறது, இது கல்லில் வேகிறது. சால்னாவில் ஊறிய நூல் பரோட்டாவை விரலால் பிரித்து உண்டவருக்கு இந்த உறவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மைதாவும் எண்ணெயும் மிகுந்தது என்பதால் இதை நாள்தோறும் உண்பது நல்லதில்லை.

கடல் கடந்த இடியாப்பம்

சீனர் நூடுல்ஸைக் கொண்டுசென்றது போலத் தமிழர் இடியாப்பத்தைக் கொண்டுசென்றனர். இலங்கையில் அது தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவான உணவு. வெள்ளை மாவிலும் சிவப்பரிசி மாவிலும் பிழிந்து, சொதியும் சம்பலும் சேர்த்து உண்பார்கள். மீந்ததைக் கொத்தி முட்டையும் கறியும் சேர்த்தால் கொத்து இடியப்பம். யாழ்ப்பாணத்து வீடுகளில் மாவை ஆவியில் அவித்துப் பிழியும் பக்குவமும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்குப் புட்டு மாயம் என்று பெயர். தேங்காய்த் துருவலோடும் பனைவெல்லத்தோடும் சீனரும் மலாய்க்காரரும் அதை விரும்பி வாங்குகிறார்கள். குடகில் நூபுட்டு, கேரளத்தில் நூல்புட்டு என்ற பெயர்களும் இழையைத்தான் சுட்டுகின்றன.

மலிவின் விலை

கையால் செய்த உணவு ஏன் மலிவாக இருக்கிறது? இடியாப்பத்தின் கணக்கு எளியது. ஒன்றுக்கு 25 முதல் 30 கிராம் மாவு என்றால் ஒரு கிலோ மாவில் 33 முதல் 40 வரை கிடைக்கும். எண்ணெய் மிகக் குறைவு. ஆவியில் வேகுவதால் விறகோ எரிவாயுவோ அதிகம் செலவாகாது. கடை வாடகைக்குப் பதில் வீட்டுத் திண்ணையோ வாசலோ போதும். விற்பனை காலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அது விடியற்காலையில் எழுந்து கொதிக்கும் நீரில் மாவு கிளறி, நூறு முறை குழலை அழுத்தும் பெண்ணின் உழைப்பு. மாவும் தேங்காயும் விலை ஏறும்போதெல்லாம் விற்பவர் குறைத்துக்கொள்வது தன் கூலியைத்தான். லான்சோவில் தோளில் சுமந்து விற்றவருக்கும், பர்மா பஜாரில் வண்டி தள்ளுபவருக்கும், மலையடிவாரத்தில் கொப்பரை வைப்பவருக்கும் இது பொது.

நல்ல இடியாப்பத்தை அறிய ஐந்து அடையாளங்கள் போதும். இழை தனித்தனியாக நிற்கவேண்டும். விரலால் எடுத்தால் அறாமல் வளையவேண்டும். புளித்த வாடை இல்லாமல் அரிசியின் மணம் வரவேண்டும். மேலே ஈரம் கோத்திருக்கக்கூடாது. பிழிந்த தட்டும் மூடிய துணியும் சுத்தமாக இருக்கவேண்டும். தேங்காய்ப்பால் விரைவில் கெடும் என்பதால் காலையில் எடுத்ததைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மீந்த இடியாப்பத்தை உதிர்த்து, கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் புரட்டினால் மாலைக்கு நல்ல சிற்றுண்டி. அதில் முட்டையும் மிளகும் சேர்த்தால், தள்ளுவண்டி நூடுல்ஸுக்கு ஈடான சுவையில், கையால் பிழிந்த இழையே தட்டில் இருக்கும்.

சீனத் தெருக்களின் நூடுல்ஸை உலகம் போற்றுவதற்குக் காரணம், அதைச் செய்பவரின் கைத்திறத்துக்கு உண்பவர் தரும் மரியாதை. அந்த மரியாதைக்குப் போடி வீதிகளின் கொப்பரையும் முழுத் தகுதி உடையது. மலைக்கோ ஏலக் கடைக்கோ ரயிலடிக்கோ செல்லும் காலைப் பொழுதில் பொட்டலத்தைத் தள்ளி வைத்து, ஆவி பறக்கும் இடியாப்பத்தைத் தேடி வாங்குங்கள்; கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வாங்குபவர் இருக்கும் வரைதான் பிழியும் கையும் இருக்கும்.